குடை இல்லத்துக்காரர்

கண்ணாடிக்காரர் தம் மனைவி கொண்டாடும் அந்தக் கதைப் புத்தகங்களில் ஒன்றைக்கூட முழுதாகப் படித்தவரல்ல. முதல் பாகத்தை எத்தனையோ தடவை கையில் எடுத்திருக்கிறார். பள்ளிக்கூடத்துக் கோபுரத்தைப் பனி வந்து மூடும் இடத்தில் அவர் கண்ணையும் ஏதோ வந்து மூடிவிடும். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். நாள் பூராவும் ஊரார் கண்ணுக்கு எதிரே எழுத்தைக் காட்டிவிட்டு வீடு திரும்புகிறவருக்கு எழுத்தைக் கண்டாலே கொட்டாவி வருவதில் ஆச்சரியமில்லை.

அவர் மனைவி அப்படியல்ல. பெரிய மருத்துவமனை ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு அழைப்புக்கும் அடுத்த அழைப்புக்கும் நடுவில் கிடைத்த துண்டு துக்காணி நேரத்தில் ‘முகிற்கோட்டைப் பள்ளி’ வரிசை முழுவதையும் படித்து முடித்தவள். மகளுக்குக் கதை சொல்லும் சாக்கில் மறுபடியும் படித்தாள். மகள் வளர்ந்தாள், கதையை மறந்தாள், கல்யாணமாகிக் கடல் கடந்து போனாள். அம்மா மட்டும் அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வரவேயில்லை.

கதை தெரியாதவர்களுக்கு இவ்வளவு சொன்னால் போதும். மலை உச்சியில் நான்கு பேர் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடம் கட்டினார்கள். ஒருவர் மாவீரர். ஒருவர் பேரறிஞர். ஒருவர் நீதிமான். நான்காமவர், கட்டட வேலை நடக்கும்போது மழை பிடித்துக்கொண்டதால், மற்ற மூவருக்கும் குடை பிடித்தவர். ஆகவே வாள், விளக்கு, தராசு, குடை என்று பள்ளியில் நான்கு இல்லங்கள். புதிதாகச் சேரும் பிள்ளை கோபுரத்து மணிக்குக் கீழே போய் நிற்கும். மணி அதன் குணத்தைப் பார்த்து, இன்ன இல்லம் என்று வாய்விட்டுச் சொல்லும். மணி தப்பாகச் சொன்னதாகக் கதையில் எங்கும் இல்லை.

கதையில் இல்லாத தப்பு உலகத்திலும் இருக்கக் கூடாது என்பதற்காக ஏற்பட்டதுதான் வாசகர் பேரவை.

ஆரம்பத்தில் அது ஒரு தையற்கடை மாடியில் கூடிய சிறு கூட்டம். கழுத்தில் கலர் கலராகத் துண்டைச் சுற்றிக்கொண்டு, டீ குடித்து, “நீ சரியான குடைப்பா” என்று ஒருவரையொருவர் கேலி பேசிக் கலைந்து போவார்கள். பிறகு அதற்குத் தலைவர் வந்தார். தலைவருக்குத் துணையாகச் செயலாளர் வந்தார். செயலாளருக்கு வேலை வேண்டுமே என்று விதிமுறை வந்தது. விதிமுறை வந்த பிறகு யாரும் கேலி பேசவில்லை. கடைசியில், கதையில் வருவது போலவே நான்கு கட்டடமும் நடுவே ஒரு முற்றமுமாக ஊருக்கு வெளியே ஒரு குடியிருப்பே எழும்பிவிட்டது. வயதான ரசிகர்கள் மிச்ச வாழ்க்கையைக் கதைக்குள்ளேயே கழித்துவிடலாம் என்று விளம்பரம் சொன்னது.

“போயிடலாங்க” என்றாள் மனைவி. “இந்த வீட்ல இனிமே யாரு இருக்கா? நீங்களும் நானும் நாலு சுவரும்தான். அங்க போனா நாலு பேரோட பேசிச் சிரிச்சுக்கிட்டு இருக்கலாம்.”

“நான் ஒரு வரிகூடப் படிச்சதில்லையே.”

“நீங்க ஒண்ணும் படிக்க வேணாம். என்கூட இருந்தாப் போதும்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை நம்பித்தான் கண்ணாடிக்காரர் வீட்டை விற்றார். கடையை மட்டும் கையில் வைத்துக்கொண்டார்.

குடிபுகுந்த அன்றே வகைப்பாட்டு விழா. மேடையில் பெரிய வெண்கல மணி தொங்கியது. அதன் உள்ளே ஒரு ஸ்பீக்கர். ஸ்பீக்கரிலிருந்து ஒரு ஒயர் புறப்பட்டு, மேடையைக் கடந்து, திரைக்குப் பின்னால் போயிற்று. அரங்கில் அத்தனை பேருக்கும் அந்த ஒயர் கண்ணில் பட்டது. ஆனால் அதை யாரும் பார்த்ததில்லை.

பேரவைத் தலைவரைத் தலைமையாசிரியர் என்று அழைத்தார்கள். சுங்க இலாகாவில் பெரிய பதவியில் இருந்தவர். ஒரு நாள்கூட யாருக்கும் பாடம் எடுத்தவரல்ல. எல்லாரும் கூப்பிடக் கூப்பிட, அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார். கேள்வி கேட்பவர் வகைப்பாட்டுச் செயலாளர். இன்சூரன்ஸ் கம்பெனியில், இழப்பீடு கேட்டு வருபவர்களைத் திருப்பி அனுப்பும் பிரிவில் பல காலம் இருந்த அம்மையார்.

மனைவி மணிக்குக் கீழே நின்றாள்.

“இருட்டுச் சுரங்கம். உள்ளேயிருந்து ஒரு குரல் கூப்பிடுகிறது. என்ன செய்வீர்கள்?”

“யார் பேசறீங்கன்னு கேட்பேன்.”

“பயமாக இருக்காதா?”

“இருக்கும். அதுக்காக லைனைக் கட் பண்ண முடியுமா? உயிர் போற அவசரத்துல கூப்பிட்டிருப்பாங்க.”

செயலாளர் திரைக்குப் பின்னால் போனார். கொஞ்சம் கரகரத்துவிட்டு மணி, “வாள்!” என்றது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மனைவியின் கண் கலங்கிவிட்டதைக் கண்ணாடிக்காரர் பார்த்தார். அவளை யாரும் தைரியசாலி என்று சொல்லி அவர் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. கரப்பான் பூச்சியைக் கண்டால் கட்டில்மேல் ஏறுகிறவளைப் பற்றி அப்படி ஒரு யோசனை அவருக்கு வரவேயில்லை.

அடுத்து அவர் நின்றார்.

“பாலம் இடிந்துகொண்டிருக்கிறது. உங்கள் கையில் ஒரு பூனை. அக்கரையில் உங்கள் எதிரி. என்ன செய்வீர்கள்?”

“பூனை யாரோடதுங்க?”

“அது முக்கியமில்லை.”

“இல்லீங்க, தேடுவாங்களே.”

செயலாளர் திரைக்குப் பின்னால் போகும்போதே அவர் முகத்தில் விடை எழுதியிருந்தது. மணி, “குடை” என்றது. ஆச்சரியக்குறி இல்லாமல் சொன்னது. பரவாயில்லை என்று சொல்வது போல ஒரு கைதட்டல் எழுந்து உட்கார்ந்தது.

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். பேரவை வளாகத்தில் அவர்கள் சேர்ந்து சிரித்தது அது ஒரு தடவைதான். வெளியே வந்ததும் ஆளுக்கொரு சாவி கொடுத்தார்கள். வாள் இல்லம் கிழக்குக் கட்டடத்தின் மேல்மாடி. குடை இல்லம் வடக்குக் கட்டடத்தின் கீழ்த்தளம்.

“ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரு அறைன்னு சொன்னாங்களே” என்று கண்ணாடிக்காரர் செயலாளரிடம் போய் நின்றார்.

“ஒரே இல்லமாக இருந்தால் ஒரே அறை. விதிமுறையில் இருக்கிறது.”

“நாங்க புருஷன் பொண்டாட்டிங்க.”

செயலாளர் அவரை இரக்கத்தோடு பார்த்தார். “ஐயா, புருஷன் பெண்டாட்டி என்பது வெளியில் இருப்பவர்கள் செய்த வகைப்பாடு. யாரோ பார்த்து, யாரோ பேசி முடித்திருப்பார்கள். அதில் உங்கள் குணத்தை யாராவது சோதித்தார்களா? இங்கே சோதித்திருக்கிறோம். எது நம்பகமானது என்று நீங்களே சொல்லுங்கள்.”

கண்ணாடிக்காரருக்குச் சொல்லத் தெரியவில்லை. அதையும் செயலாளர் அவர் குணக் குறிப்பில் சேர்த்துக்கொண்டார்.

குடை இல்லத்துச் சுவரில் ஈரம் பூத்திருந்தது. ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டரின் முதுகு. மற்ற மூன்று இல்லங்களின் சாப்பாட்டுத் தட்டுகளையும் குடை இல்லத்தவர்தான் கழுவினார்கள். நாற்காலி போடுவதும் மடக்குவதும் அவர்கள்தான். அது அவர்களுக்குப் பிடிக்கும் என்று நான்காம் பாகத்தில் எழுதியிருக்கிறதாம். பிடிக்காதவர்கள் யாராவது உண்டா என்று பேரவை விசாரித்ததில்லை. விசாரித்தாலும் பயனில்லை. வாய் திறந்து பிடிக்கவில்லை என்று சொல்கிறவன் எப்படிக் குடையாக இருக்க முடியும்?

அவருடைய அறைத்தோழர் முப்பது வருஷம் தீயணைப்புப் படையில் இருந்தவர். கழுத்திலிருந்து தோள்வரை பழைய தீக்காயம் சுருங்கிக் கிடந்தது. அவர் எப்படிக் குடைக்கு வந்தார் என்று கண்ணாடிக்காரர் முதல் நாளே கேட்டுவிட்டார்.

“எரியற வீடு, உள்ள ஒரு குழந்தை, என்ன செய்வேன்னு கேட்டாங்க” என்றார் தீயணைப்புக்காரர். “முதல்ல மெயினை ஆஃப் பண்ணுவேன், காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பார்ப்பேன்னேன். ‘தயக்கம்’னு எழுதிக்கிட்டாங்க. எனக்கு அடுத்தாப்ல நின்னவரு, அந்தம்மா கேள்வியை முடிக்கறதுக்குள்ளயே ‘குதிப்பேன்!’னு கத்தினாரு. மணி வாள்னுடுச்சு. எதுல குதிப்பேன்னு யாரும் கேட்கலை.”

அப்படிக் கத்தியவர் சோபாக் கடை வைத்திருந்தவர். இப்போது வாள் இல்லத் தலைவர். ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால் இன்றைக்கும் யார் கையையாவது பிடித்துக்கொள்வார்.

வெவ்வேறு இல்லத்தவர் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் முற்றத்து பெஞ்சில் உட்கார்ந்து பேசலாம். முதல் ஞாயிறு மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, “கொஞ்ச நாள் பொறுத்துக்கங்க. நான் பேசிப் பார்க்கறேன்” என்றாள். அடுத்தடுத்த வாரங்களில் பேசிப் பார்த்ததாகத் தெரியவில்லை. கழுத்தில் சிவப்புத் துண்டு ஏறியிருந்தது. முதுகு நிமிர்ந்திருந்தது. சாயங்கால வாசிப்பில் எல்லாரும் தன்னைத்தான் படிக்கச் சொல்கிறார்கள் என்றாள். அவள் பேச்சில் ‘எங்க இல்லம்’ வரும்போதெல்லாம் கண்ணாடிக்காரருக்கு விற்றுவிட்ட வீடு ஞாபகம் வரும்.

ஒரு ஞாயிறு அவள் காலை இழுத்து இழுத்து வந்தாள். வாள் இல்லத்தவர் லிஃப்டில் ஏறக் கூடாது என்று புது விதி.

“முட்டி வலிக்குதா?”

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். “வலிக்குதுன்னு சொல்லக் கூடாதுங்க. ‘தெரியுது’ன்னுதான் சொல்லணும்.”

“ரொம்பத் தெரியுதா?”

“ராத்திரியெல்லாம் தெரியுது.”

மறுநாள் கடையிலிருந்து வரும்போது அவள் வழக்கமாகப் போட்டுக்கொள்ளும் மாத்திரையை வாங்கி வந்து, வாள் இல்லத்து வாசலில் கொடுத்தனுப்பினார். சாயங்காலம் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது. கேட்காமலே உதவிய குற்றத்துக்காகக் ஒழுக்கத்துக்காக இல்லங்களுக்குப் போடும் மதிப்பெண்ணில் குடை இல்லத்துக்குக் குறைக்கப்படுகிறது. மாத்திரை உறை பிரிக்காமல் திரும்பி வந்தது. அதோடு அன்று குடை இல்லத்துக்குச் சோற்றோடு குழம்பு கிடையாது. இல்லத்தவர் யாரும் அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. தண்ணீரை ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார்கள். அது அவருக்குக் கோபித்துக்கொண்டதைவிடக் கஷ்டமாக இருந்தது.

தீப்பிடித்தது கண்ணாடிக்காரர் கடைக்குப் போகாத ஒரு நாள், மத்தியான வேளையில். வாள் இல்லத்துச் சமையலறையில் எண்ணெய் பற்றிக்கொண்டு, திரைக்குத் தாவி, மேல்மாடி ஜன்னல் வழியாகக் கரும்புகை கக்கியது. வாள் இல்லத்தவர் சரசரவென்று படியிறங்கி முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். வீரச் செயல் எதையும் தொடங்கும் முன் இல்ல உறுதிமொழியை முழுவதும் சொல்ல வேண்டும் என்பது விதிமுறை. சோபாக் கடைக்காரர் மார்பில் கை வைத்துத் தொடங்கினார். செயலாளரும் புகையில் இருமிக்கொண்டே கூடச் சேர்ந்து உரக்கச் சொன்னார். மேலே சமையல்காரம்மா உள்ளே மாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடிக்காரரின் மனைவியையும் காணவில்லை. முட்டி அவளை இறங்க விட்டிருக்காது.

உறுதிமொழி மூன்றாம் பத்திக்கு வந்தபோது தீயணைப்புக்காரர் மெயினை அணைத்துவிட்டு, நனைத்த சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார். “நீங்க கீழயே நில்லுங்க!” என்று அவர் கத்தியது கண்ணாடிக்காரர் காதில் விழுந்தது. விழுந்தும் அவர் கால் தீயணைப்புக்காரர் பின்னாலேயே போயிற்று. என்ன செய்கிறோம் என்று அவருக்குத் தெரியவில்லை. படித் திருப்பத்தில் மனைவி கைப்பிடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைத் தோளில் சாய்த்து, பாதி தூக்கியும் பாதி இழுத்தும் கீழே கொண்டுவந்து சேர்த்தார். சமையல்காரம்மாவைத் தீயணைப்புக்காரர் வாசல்வரை கொண்டுவந்து தள்ளிவிட்டு அங்கேயே விழுந்தார். வெளியே காயமே இல்லை. உள்ளே போன புகைதான். மருத்துவமனையில் இரண்டு நாள் மூச்சுக்குத் திணறிவிட்டு, மூன்றாம் நாள் திணறுவதை நிறுத்திக்கொண்டார்.

பேரவைக்கு இப்போது ஒரு சிக்கல் வந்தது. இறந்தவர் குடை. குடையில் வீரம் கிடையாது. அவர் செய்தது வீரம் என்றால் மணி தப்பாகச் சொல்லியிருக்கிறது. நிர்வாகக் குழு இரண்டு நாள் கூடிப் பேசி வழி கண்டுபிடித்தது. இரங்கல் கூட்டத்தில் தலைமையாசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அன்பர்களே! நம் அருமைத் தோழர் வீரத்தால் உயிர் நீத்தார் என்று வெளியில் சிலர் பேசுவதாகக் கேள்விப்பட்டேன். அது அவரையும் மணியையும் ஒருசேர அவமதிப்பது. அவர் கடைசி மூச்சுவரை குடையாகவே வாழ்ந்தார். அவர் பொறுமையாகத் தீக்குள் நுழைந்தார். பொறுமையாகப் புகையைச் சுவாசித்தார். மருத்துவமனையில் பொறுமையாகக் காலமானார். யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை. பிற இல்லத்துக் கட்டடத்துக்குள் அனுமதியின்றி நுழைந்தார் என்பது உண்மைதான். அதற்கான மதிப்பெண்ணை இந்தத் துக்க நேரத்தில் முழுதாகக் குறைக்க எனக்கு மனமில்லை. பாதியாகக் குறைக்கிறேன்.”

அடுத்ததாக வீரப் பதக்கம் வழங்கப்பட்டது. கண் எரியும் புகையிலும் ஒரு வரிகூட விடாமல் உறுதிமொழியைச் சொல்லி முடித்ததற்காகச் சோபாக் கடைக்காரருக்கு. கைதட்டல் அடங்குவதற்குள் குடை இல்லத்தவர் நாற்காலிகளை மடக்கத் தொடங்கினார்கள். கண்ணாடிக்காரரும் மடக்கினார். இறந்தவர் உட்காரும் நாற்காலியை யாரும் மடக்காததால் அதையும் அவரே மடக்கினார்.

அந்த ஞாயிறு மனைவி பெஞ்சுக்கு வந்தபோது அவர் எதிர்பார்த்த பேச்சு வேறு. அவள் சொன்னது வேறு.

“என்னை மணியாக்கிட்டாங்க.”

“என்னது?”

“செயலாளரம்மாதான் இவ்வளவு நாளும் மணிக்குக் குரல் கொடுத்தாங்க. அன்னிக்குப் புகையில அவங்க தொண்டை போயிடுச்சு. வாசிப்புல என் குரலைக் கேட்டுட்டுத் தலைமையாசிரியரே வந்து கேட்டார்.” அவள் முகம் மலர்ந்திருந்தது. “இத்தனை வருஷம் ‘இருங்க, கனெக்ட் பண்றேன்’னு மட்டுமே சொன்ன குரல்.”

“அப்ப யாரு எந்த இல்லம்னு நீதான் சொல்லுவியா?”

“குரல்தாங்க என்னோடது. முடிவெல்லாம் அவங்களோடது. தலைமையாசிரியர் பக்கத்துல உட்கார்ந்து விரல் காட்டுவார். ஒரு விரல்னா வாள். நாலுன்னா குடை.”

கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மறு வகைப்பாடு கேட்டு மனு போடலாம் என்று விதிமுறை சொல்கிறது. அதுவரை யாரும் போட்டதில்லை. குடை இல்லத்தவருக்குத்தான் மனு போடும் தேவை வரும், அவர்களோ மனு போடுகிறவர்கள் அல்ல. தீக்குள் போய் வந்தவன் வாளில் சேரலாம்தானே? சேர்ந்தால் ஒரே அறை. ஈரச் சுவரும் ஜெனரேட்டர் சத்தமும் தொலையும். அதெல்லாம்கூட வேண்டாம். அவள் முட்டிக்குத் தைலம் தேய்த்துவிட ஒருவன் பக்கத்தில் இருப்பான்.

“போட்டுப் பார்க்கட்டுமா?” என்றார்.

அவள் வாள் இல்லத்து மாடியைப் பார்த்தாள். “உங்க இஷ்டம்” என்றாள்.

மனு எடுத்துக்கொள்ளப்பட்ட அன்று அரங்கம் நிரம்பி வழிந்தது. கண்ணாடிக்காரர் வெளுத்த சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு மணிக்குக் கீழே நின்றார். குரல் போன செயலாளர், கேள்விகளை அட்டையில் எழுதி உயர்த்திக் காட்டினார்.

தீக்குள் ஏன் போனீர்கள்?

“என் வீட்டுக்காரி உள்ள இருந்தா.”

போகும்போது என்ன நினைத்தீர்கள்?

“ஒண்ணும் நினைக்கலீங்க. கால் போச்சு, நானும் போனேன்.”

பயந்தீர்களா?

பொய் சொல்லலாம் என்று அவருக்கு ஒரு நொடி தோன்றியது. திரைக்குப் பின்னால் மனைவி இருக்கிறாள், அவளுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? “ரொம்பப் பயந்தேங்க” என்றார்.

அரங்கம் காத்திருந்தது. திரைக்குப் பின்னால் யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் ஸ்பீக்கரில் கேட்டது. பிறகு ஒரு மூச்சு. ஆயிரம் தடவை பக்கத்துத் தலையணையில் கேட்ட மூச்சு. தலை நிமிர்ந்து மணியைப் பார்த்தார்.

தெளிவாக, நிதானமாக, ஒரு எழுத்தும் சிந்தாமல் மணி சொன்னது: “குடை.”

அடுத்த ஞாயிறு அவர்தான் முதலில் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்திருந்தார். கோபமில்லை. அவள் என்ன செய்வாள், காட்டின விரலுக்குக் குரல் கொடுத்தாள், அவ்வளவுதான் என்று வாரம் முழுவதும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தார். அவள் வந்து உட்கார்ந்ததும் அதையே அவளிடமும் சொன்னார்.

“நீ மனசுல வச்சுக்காத. அந்தாளு நாலு விரலைக் காட்டினா நீ என்ன பண்ணுவே?”

அவள் துண்டின் நுனியை மடித்து மடித்துப் பிரித்தாள். சும்மா இருந்திருக்கலாம். ஆனால் வாள் இல்லத்தவர் பொய் சொல்லக் கூடாது.

“அவர் விரல் காட்டலைங்க” என்றாள். “கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தார். ‘உங்க வீட்டுக்காரர்தானே, உங்களுக்குத் தெரியாததா எங்களுக்குத் தெரியப்போகுது? நீங்களே சொல்லிடுங்க’ன்னார்.”

முற்றத்தின் அந்தப் பக்கம் குடை இல்லத்தவர் யாரோ ஈரத் தட்டுகளை அடுக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“வாள்னு சொல்லியிருக்கலாமே” என்றார் கண்ணாடிக்காரர். “உன்னைத் தூக்கிட்டு வந்தேனே.”

“தூக்கிட்டு வந்தீங்க. இல்லைங்கலை. வழியெல்லாம் ‘மன்னிச்சுக்க, மன்னிச்சுக்க’ன்னு அழுதுக்கிட்டே வந்தீங்க.” அவள் குரல் கொஞ்சம் இளகியது, உடனே இறுகியது. “நீங்க நல்லவருங்க. அதை யாரும் மறுக்கலை. ஆனா யோசிச்சுப் பாருங்க. உங்ககூட இருந்த இத்தனை வருஷத்துல நான் யாருன்னு யாராவது சொன்னாங்களா? நீங்க சொன்னீங்களா? அந்த மணிதான் சொல்லிச்சு. இப்ப நீங்களும் வாள்னு ஆயிட்டா, அதுக்கு என்ன அர்த்தம் இருக்கு? அப்ப நான் யாரு?”

“நீ என் பொண்டாட்டி.”

“அதான்” என்றாள் அவள். “அதேதான் சொல்றேன்.”

அவருக்கு அழவும் வரவில்லை. “வா, போயிடலாம். கடைக்குப் பின்னாடி ஒரு ரூம் இருக்கு. ரெண்டு பேர் படுக்கலாம்” என்றார்.

“வாள் பின்வாங்காதுங்க” என்றாள். எழுந்து நின்றபோது முட்டி தெரிந்தது போலிருக்கிறது, பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். அவர் கை தானாக நீண்டது. கேட்காத உதவி என்று ஞாபகம் வந்து மடங்கிக்கொண்டது.

மறுநாள் காலையில் பெட்டியோடு வாசலுக்கு வந்தவரைத் தலைமையாசிரியரே வந்து மறித்தார்.

“எங்கே கிளம்பிவிட்டீர்கள்?”

“போறேங்க. இனிமே எனக்கு இது சரிப்படாது.”

“குடை இல்லத்தவர் வெளியேறுவதில்லை. ஐந்தாம் பாகம். வெளியேறத் துணிச்சல் வேண்டும். அது உங்களிடம் இல்லை என்று மணி இரண்டு தடவை சொல்லிவிட்டது. அதனால் நீங்கள் போக முடியாது.”

“போய்க்கிட்டிருக்கேனே!”

“போங்கள்” என்றார் தலைமையாசிரியர் பெருந்தன்மையாக. வாசற்கதவைத் தாமே திறந்துவிட்டார். “ஆனால் நீங்கள் போகவில்லை. அதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.”

கடைக்குப் பின்னாலிருந்த அறையில், கண்ணாடிச் சட்டங்கள் வந்த அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே பாயை விரித்துப் படுத்தார் கண்ணாடிக்காரர். வாடிக்கையாளர் வந்தால் எழுத்தைக் காட்டுவார். யாரும் வராதபோது வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். சிவப்புத் துண்டு கட்டிய யாராவது தெருவில் போனால் எழுந்து நிற்பார். மகள் தொலைபேசியில் கூப்பிட்டு, “அம்மா எப்படிப்பா இருக்காங்க?” என்று கேட்கும்போது, “தைரியமா இருக்காம்மா” என்பார். அதில் பொய் ஒன்றும் இல்லை.

மழைக்காலம் தொடங்கியது. குளிரில் அவள் முட்டி என்ன பாடுபடும் என்ற நினைப்பு அவரை விடவில்லை. ஒரு ஞாயிறு மாத்திரையையும் தைலத்தையும் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வளாகத்துக்குப் போனார். வாசலில் புதுக் காவலாளி.

“யாரைப் பார்க்கணும்?”

“வாள் இல்லத்துல என் வீட்டுக்காரி இருக்கா. நான் குடை இல்லத்துக் கண்ணாடிக்காரர்.”

காவலாளி அவரை மேலும் கீழும் பார்த்தான். “அவரு உள்ள இருக்காரே.”

“யாரு?”

“குடை இல்லத்துக் கண்ணாடிக்காரரு. தினமும் ஆஜர் சொல்றாரு. நீங்க யாரு?”

இவர் விளக்கிச் சொல்ல ஆரம்பிக்கும்போதே உள்ளே ஒலிபெருக்கி கரகரத்தது. யாரும் தனிமையாக உணரக் கூடாது என்பதற்காகச் சாயங்காலம் ஆஜர் எடுக்கும் வழக்கத்தைப் பேரவை புதிதாகக் கொண்டுவந்திருந்ததாம். காவலாளிதான் பெருமையோடு சொன்னான். மதிலுக்கு இந்தப் பக்கம்வரை அவள் குரல் தெளிவாகக் கேட்டது. வாளை முடித்து, விளக்கையும் தராசையும் முடித்து, கடைசியாக அது குடைக்கு வந்தது.

“குடை இல்லம். தீயணைப்புக்காரர்.”

“இருக்கேன்” என்றது உள்ளே ஒரு குரல்.

கண்ணாடிக்காரர் மதிலில் கை வைத்துக்கொண்டார். தூறல் விழத் தொடங்கியிருந்தது.

“குடை இல்லம். கண்ணாடிக்காரர்.”

பதில் உடனே வரவில்லை. ஒலிபெருக்கி மட்டும் இரைந்துகொண்டிருந்தது. மற்றவர்களுக்குக் காத்திருந்ததைவிட அவள் கொஞ்சம் கூடுதலாகக் காத்திருப்பதாக அவருக்குத் தோன்றியது.

“நான் இங்க இருக்கேன்!” என்று மதிலைப் பார்த்துக் கத்தினார். “இந்தா, வெளிய இருக்கேன்!”

“யோவ், சத்தம் போடாதீங்க” என்றான் காவலாளி. “உள்ள ஆஜர் எடுத்துக்கிட்டிருக்காங்க இல்ல?”

“இருக்கேன்” என்றது உள்ளே வேறொரு குரல், பொறுமையாக.

“நன்றி” என்றாள் அவள். அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.